மறக்கப்பட்ட பத்தாயிரம் பேருந்துகள்

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் தலைநகர் தில்லியின் மீது ஆண்டுதோறும் சாம்பல் நிறப் புகைமூட்டம் வந்து கவிகிறது. அதைத் தொடர்ந்து நடப்பவையும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. காற்றின் தரக் குறியீடு நாளேடுகளின் முதல் பக்கத்துக்கு வருகிறது. ‘படிநிலைச் செயல்திட்டம்’ என்ற பெயரில் கட்டுப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்படுகின்றன. பள்ளிகள் மூடப்படுகின்றன; கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன; பழைய வண்டிகள் சாலையிலிருந்து விரட்டப்படுகின்றன. பின்னர் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. புகை கலைகிறது. கட்டுப்பாடுகள் விலக்கிக்கொள்ளப்படுகின்றன. அடுத்த கார்த்திகை வரை அரசுக்கு அது மறந்துபோன செய்தி.

அந்தச் சில வாரங்களின் சுமை யார் தோளில் ஏறுகிறது என்பதை அரசின் அறிவிப்புகள் சொல்வதில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து கட்டட வேலை செய்யும் தொழிலாளியின் கூலி அன்றே நின்றுபோகிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் உச்சநீதிமன்றம் மாநிலத் தலைமைச் செயலாளர்களை அழைத்துக் கேள்வி கேட்ட பிறகே வேலையிழப்புக்கான உதவித்தொகை முறையாக வழங்கப்படலாயிற்று. அதுவும் நலவாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்குத்தான். பதிவு பெறாதவர் நஞ்சான காற்றையும் சுவாசித்தார். அந்த நாட்களின் கூலியையும் இழந்தார்.

தில்லியின் காற்றை மாசுபடுத்துபவை பல. அனல்மின் நிலையங்கள், தொழிற்கூடங்கள், குப்பை எரிப்பு, சாலைப் புழுதி, அறுவடைக்குப் பின் பஞ்சாபிலும் அரியானாவிலும் எரிக்கப்படும் நெற்தாள் ஆகிய எதையும் விலக்கிவிட முடியாது. எனினும் நெற்தாளின் புகை சில வாரங்களுக்கு உரியது. வாகனப் புகை ஆண்டின் 365 நாட்களுக்கும் உரியது. கான்பூர் ஐ.ஐ.டி. 2016இல் அளித்த ஆய்வறிக்கை, குளிர்காலத்தில் பி.எம்.2.5 எனும் நுண்துகள்களில் ஏறத்தாழக் கால் பங்குக்கு வாகனங்களே நேரடிக் காரணம் என்றது. 2018இல் வெளிவந்த டெரி நிறுவனத்தின் ஆய்வு அந்தப் பங்கைச் சற்றுக் கூடுதலாகவே மதிப்பிட்டது. மேலும், வாகனப் புகை உயரமான புகைபோக்கியிலிருந்து வெளிவருவதன்று. சாலையோரம் நிற்பவரின் மூக்குக்கு நேராக வெளிவருவது. தள்ளுவண்டி வியாபாரி, போக்குவரத்துக் காவலர், ஆட்டோ ஓட்டுநர், தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் ஆகியோரே அதை முதலிலும் மிகுதியாகவும் உட்கொள்பவர்கள்.

ஆகவே, போக்குவரத்தால் விளையும் காற்று மாசைக் குறைப்பது உழைக்கும் மக்களின் உயிர்ப் பிரச்சினை. அதைப் பொதுக் கொள்கையின் வழியே குறைக்க முடியும் என்பதற்கும், அந்தக் கொள்கை பாதியில் கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கும் தில்லியின் வரலாறே சான்று.

ஓர் ஆணையின் இரு பாதிகள்

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கு, தில்லியின் வாகன மாசு குறித்துப் பல ஆண்டுகள் உச்சநீதிமன்றத்தில் நடைபெற்றது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசு தடுப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஏற்று, 1998 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் கால வரையறையுடன் கூடிய ஆணையொன்றைப் பிறப்பித்தது. ஈயம் கலந்த பெட்ரோலைத் தில்லியிலிருந்து அகற்றுவது, 1990க்கு முந்தைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் தூய எரிபொருளில் ஓடும் புதிய வண்டிகளாக மாற்றுவது, மாநகரப் பேருந்துகள் அனைத்தையும் 2001 மார்ச் 31க்குள் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தமூட்டப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுவது, எரிவாயு நிரப்பும் நிலையங்களை 9இலிருந்து 80ஆகப் பெருக்குவது ஆகியவை அந்த ஆணையில் இடம்பெற்றன. இவற்றோடு மற்றொரு கட்டளையும் அதில் இருந்தது. பொதுப் பேருந்துகளின் எண்ணிக்கையை 2001 ஏப்ரல் 1க்குள் 10,000ஆக உயர்த்த வேண்டும் என்பதே அது.

இவ்விரு கட்டளைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. எரிபொருளை மாற்றினால் ஒவ்வொரு வண்டியின் புகையும் குறையும். பேருந்துகளைப் பெருக்கினால் சாலையில் ஓட வேண்டிய வண்டிகளின் எண்ணிக்கையே குறையும். முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிட்டால், ஒரு கையால் குறைத்ததை மறு கையால் கூட்டியதாக முடியும். தில்லியில் நடந்தது இதுவே.

எரிபொருள் மாற்றமும் எளிதில் நடந்துவிடவில்லை. காலக்கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. வாஜ்பாய் தலைமையிலான ஒன்றிய அரசு 2001இல் மஷேல்கர் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. எந்த எரிபொருள் என்பதை அரசு வரையறுக்க வேண்டியதில்லை, உமிழ்வின் அளவை வரையறுத்தாலே போதும் என்று அக்குழு கூறியது. டீசலைத் தொடர விரும்பிய வாகன உற்பத்தியாளர்களுக்கு இது உவப்பான வாதம். உச்சநீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2002 ஏப்ரல் 5 அன்று அளித்த தீர்ப்பில், தொடர்ந்து ஓடும் டீசல் பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், 30 நாட்களுக்குப் பின் 1,000 ரூபாயும் தண்டம் விதித்தது. 2002 டிசம்பரில் கடைசி டீசல் பேருந்தும் மாநகரச் சேவையிலிருந்து விலகியது. சில ஆண்டுகளுக்குக் காற்றில் முன்னேற்றம் தென்பட்டது.

இந்த மாற்றத்துக்கான புகழ் நீதிமன்றத்துக்கும், அனில் அகர்வாலின் முன்முயற்சியில் இடையறாது பரப்புரை செய்த சூழலியலாளர்களுக்கும் உரியது. ஆயினும் பலரும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. குழாய்கள் பதித்து, நிலையங்கள் அமைத்து, எரிவாயுவைக் கொண்டுவந்து சேர்த்தது பொதுத்துறையே. கெயில் நிறுவனமும் பாரத் பெட்ரோலியமும் தில்லி அரசும் பங்கேற்று 1998இல் தோற்றுவித்த இந்திரப்பிரஸ்த எரிவாயு நிறுவனம் இல்லாமல் அந்தத் தீர்ப்பு வெறும் தாளாகவே இருந்திருக்கும். இலாபம் உறுதியாகும் வரை காத்திருக்கும் தனியார் மூலதனம் அப்பணியை அந்த வேகத்தில் ஏற்றிருக்கும் என்று எண்ண இடமில்லை.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். எரிவாயு நிலையங்களின் முன் இரவு முழுதும் நீண்டு கிடந்த வரிசைகளில் நின்றவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள். புதிய வண்டி வாங்கக் கந்துவட்டிக்காரரிடம் கடன்பட்டவர்களும் அவர்களே. அதற்கு முன்னரே, 1997 டிசம்பரில், தில்லியின் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு உச்சநீதிமன்றம் உச்சவரம்பு விதித்திருந்தது. அந்த வரம்பு 2011 நவம்பரில்தான் ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் பெர்மிட்டுகள் கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குக் கைமாறின; ஓட்டுபவர் வேறு, உடைமையாளர் வேறு என்றாயிற்று; ஓட்டுநர் நாள் வாடகைக்குக் கட்டுப்பட்டவரானார். இதே காலத்தில் தனியார் கார்களுக்கு இத்தகைய வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. பலர் பகிர்ந்து பயணம் செய்யும் வண்டிக்கு வரம்பு. ஒருவர் தனித்துப் பயணம் செய்யும் வண்டிக்கு வரம்பில்லை. தில்லியின் காற்றுக் கொள்கையின் வர்க்கச் சார்பைக் காட்ட இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

பெருகிய கார்கள், சுருங்கிய பேருந்துகள்

ஆணையின் இரண்டாம் பாதி என்ன ஆயிற்று? 2001 ஏப்ரலுக்குள் எட்ட வேண்டிய 10,000 என்ற எண் இன்றுவரை எட்டப்படவில்லை. 2001 கணக்கெடுப்பில் 1 கோடியே 38 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 2011இல் 1 கோடியே 68 லட்சமாக உயர்ந்தது. அதன்பின் மேலும் வளர்ந்துள்ளது. அன்றைய மக்களுக்கெனக் கணக்கிடப்பட்ட பேருந்துகளே இன்றைய மக்களுக்குக் கிடைக்கவில்லை.

2025 மார்ச்சில் தில்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை இந்தச் சீரழிவை எண்களால் காட்டுகிறது. தில்லி போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள் 2015-16இல் 4,344ஆக இருந்து 2022-23இல் 3,937ஆகக் குறைந்தன. 2023 மார்ச் இறுதியில் அவற்றில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஆயுள் கடந்தவை. வகுக்கப்பட்ட 814 வழித்தடங்களில் 57 விழுக்காட்டில் மட்டுமே கழகம் பேருந்துகளை இயக்கியது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வாங்கப்பட்ட தாழ்தளப் பேருந்துகள் தேய்ந்து நடுவழியில் நின்றபோதும், அவற்றுக்கு ஈடான புதியவை உரிய காலத்தில் வரவில்லை. காங்கிரசும் ஆம் ஆத்மியும் பா.ஜ.க.வும் தில்லியிலும் ஒன்றியத்திலும் மாறி மாறி ஆண்டுள்ளன. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பக்கூடிய கட்சி அவற்றுள் ஒன்றுமில்லை.

பேருந்து வராத நிறுத்தத்தில் காத்திருப்பவர் முடிவில் என்ன செய்வார்? கடன் வாங்கியேனும் இருசக்கர வண்டி வாங்குவார். சற்று வசதி படைத்தவர் கார் வாங்குவார். 2017இல் தில்லியின் பதிவு பெற்ற வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டின. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ்.6 தரம் நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இது பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆனால் ஒவ்வொரு குழாயிலிருந்தும் வரும் புகை குறைந்தபோது குழாய்களின் எண்ணிக்கை பெருகியது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டி, தடையின்றிச் செல்லும் வண்டியைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதல் எரிபொருளை எரிக்கிறது. மேலும், எரிபொருள் எவ்வளவு தூயதாயினும் டயர் தேய்மானமும் பிரேக் தேய்மானமும் சாலைப் புழுதியும் வண்டிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தே வளர்கின்றன.

நட்டக் கணக்கின் அரசியல்

பேருந்துகள் சுருங்கியது தற்செயலன்று. 1992இல், தாராளமயக் கொள்கை தொடங்கிய சூட்டிலேயே, தில்லியின் பேருந்துச் சேவை ‘ரெட்லைன்’ என்ற பெயரில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் அதுவே ‘புளூலைன்’ ஆயிற்று. அன்றாட வசூலே ஓட்டுநரின் வருமானத்தைத் தீர்மானித்ததால், பயணிகளைப் பிடிக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. நூற்றுக்கணக்கானோர் அவற்றின் சக்கரங்களில் சிக்கி மாண்டனர். மக்களின் சீற்றத்தாலும் நீதிமன்றத் தலையீட்டாலும் அச்சேவை இறுதியில் அகற்றப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும் அளவுக்குப் பொதுத்துறை வலுப்படுத்தப்படவில்லை.

அதற்குச் சொல்லப்படும் காரணம் நட்டம். போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறது, எனவே பேருந்து வாங்கப் பணமில்லை என்பது எல்லா ஆட்சியாளர்களும் ஒருமித்துச் சொல்லும் வாசகம். இந்தக் கணக்கை ஆராய வேண்டும். பல நூறு கோடி ரூபாய் செலவில் கட்டப்படும் மேம்பாலம் பயணச்சீட்டு விற்பதில்லை. அதிலிருந்து ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. இருந்தும் அதை எவரும் நட்டம் என்பதில்லை, வளர்ச்சி என்கிறார்கள். அந்த மேம்பாலத்தில் விரைபவை பெரும்பாலும் கார்கள். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு மட்டும் வரவு செலவுப் பேரேடு திறக்கப்படுகிறது. அவரை ஏற்றிச் சென்றதால் தவிர்க்கப்பட்ட புகையும், தவிர்க்கப்பட்ட நோயும், தவிர்க்கப்பட்ட மருத்துவமனைச் செலவும் அந்தப் பேரேட்டின் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை.

பேருந்தை மக்கள் விரும்புவதில்லை என்ற வாதத்துக்கும் ஆதாரமில்லை. 2019 அக்டோபர் 29 முதல் தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்தும் 2023 தொடக்கத்துக்குள் நூறு கோடி இளஞ்சிவப்புச் சீட்டுகள் வழங்கப்பட்டன. கட்டணம் தடையாக இல்லாதபோது மக்கள் பொதுப் போக்குவரத்தை நாடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதற்கு எதிர்ச் சான்று மெட்ரோ ரயிலில் கிடைத்தது. 2017இல் இருமுறை கட்டணம் உயர்த்தப்பட்டு, அதிகபட்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக இரட்டிப்பானது. அதைத் தொடர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பயணிகள் குறைந்தனர். அவர்களுள் பலர் மீண்டும் புகைக்கும் நெரிசலுக்கும் திரும்பினர். 2025 ஆகஸ்டில் கட்டணம் மீண்டும் உயர்ந்துள்ளது.

சாலை யாருக்கு உரியது?

பேருந்துகளை வாங்கினால் மட்டும் போதாது. அவை ஓட இடமும் வேண்டும். 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்குப் பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒதுக்கப்பட்டது. மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் தனிப் பாதைகள் அமைந்தன. காரில் செல்வோரின் சினம் பொங்கியது. தொலைக்காட்சிகள் நாள்தோறும் அந்தத் தடத்தை ஏளனம் செய்தன. வழக்கொன்று உயர்நீதிமன்றம் சென்றது. காரில் செல்வோர் செல்வத்தை உருவாக்குபவர்கள், அவர்களின் நேரம் வீணாகலாமா என்பது அந்த வழக்கில் எழுப்பப்பட்ட வாதங்களுள் ஒன்று! பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோர் எதை உருவாக்குகிறார்கள் என்று அந்த வாதத்தை முன்வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. 2012 அக்டோபரில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் வென்ற அந்தத் தடம் அரசியலில் தோற்றது. 2016இல் ஆம் ஆத்மி அரசு அதை இடித்து அகற்றியது. அதன் வடிவமைப்பில் குறைகள் இல்லாமலில்லை. குறையைத் திருத்துவதற்கு மாறாகத் தடத்தையே அழித்ததுதான் கேள்விக்குரியது.

அதே 2016 ஜனவரியில் அதே அரசு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருசக்கர வண்டிகளுக்கு விலக்களித்து, இரு வாரங்கள் மட்டும் நடந்த அத்திட்டம் நெரிசலைக் குறைத்தது, நாளேடுகளில் பேசப்பட்டது, முடிந்தது. ஒருபுறம் பேருந்துத் தடத்தை இடித்துக்கொண்டே மறுபுறம் காரை வீட்டில் விட்டுவிட்டு வருமாறு அழைப்பதன் முரண்பாட்டை எவரும் விளக்கவில்லை.

‘வாகனங்களையன்று, மக்களை நகர்த்துவதே நோக்கம்’ என்ற கருத்தை 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் தில்லியில் மேம்பாலங்களும் விரைவுச் சாலைகளும் பெருகின. நடப்பவருக்கு நடைபாதை இல்லை. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளிக்குத் தடமில்லை. புகையே வெளியிடாத பயணம் செய்பவர்கள்தாம் சாலையில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

வண்டியின் வயதா, வண்டியின் ஓட்டமா?

பேருந்தும் இல்லை, தடமும் இல்லை என்ற நிலையில் ஆட்சியாளர்களின் கையில் எஞ்சியிருக்கும் கருவி தடை மட்டுமே. 10 ஆண்டுகள் கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வண்டிகளும் தில்லியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணைகளை 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே வழங்கக் கூடாது என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் கட்டளையிட்டது. சுமார் 62 லட்சம் வண்டிகள் இதில் அடங்கும் என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அக்கட்டளை நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் வண்டி உடைமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்சநீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ள வண்டிகளுக்கு மட்டும் எனச் சுருக்கியது.

பழைய எந்திரம் கூடுதல் புகை கக்கும் என்பது மறுக்க முடியாத உண்மை. அந்தப் புகைக்கு வக்காலத்து வாங்குவது தொழிலாளி வர்க்கத்தின் வேலையன்று. அதை முதலில் சுவாசிப்பதே தொழிலாளிதான். ஆனால் வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நீதி பிறழ்கிறது. ஆசாத்பூர் மண்டிக்கு விடியற்காலையில் காய்கறி வாங்கச் செல்பவரின் பழைய ஸ்கூட்டர் நாளொன்றுக்குச் சில கிலோமீட்டர்தான் ஓடுகிறது. குருகிராமுக்கும் தில்லிக்கும் இடையே ஒருவரை மட்டும் சுமந்து நாள்தோறும் ஓடும் புத்தம்புதிய பெரிய கார் பல மடங்கு எரிபொருளை எரிக்கிறது. சட்டத்தின் கண்ணில் முன்னது குற்றவாளி, பின்னது தூயது. ஒரு வண்டி எவ்வளவு ஓடுகிறது, எத்தனை பேரைச் சுமக்கிறது, உண்மையில் எவ்வளவு புகை விடுகிறது என்ற கேள்விகளை வயது வரம்பு எழுப்புவதே இல்லை.

அந்த ஸ்கூட்டரைப் பறிகொடுத்தவர் மறுநாள் மண்டிக்கு எப்படிப் போவார்? விடியற்காலை மூன்று மணிக்கு அவருக்குப் பேருந்து உண்டா? இல்லை. அப்படியானால் இந்தத் தடை அவருக்குச் சொல்வது ஒன்றே: கடன் வாங்கிப் புதிய வண்டி வாங்கு. இங்கே காற்றுக் கொள்கை வாகன முதலாளிகளின் விற்பனைக் கொள்கையாக உருமாறுகிறது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு சிறிய கார்களின் மீதான ஜி.எஸ்.டி.யை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைத்தது. பெரிய கார்களின் மீதான மொத்த வரிச்சுமையையும் குறைத்தது. பேருந்துகளுக்கும் வரி குறைந்தது உண்மையே. ஆயினும் காருக்குக் கிடைத்த சலுகை காட்சிக் கூடங்களில் உடனே விற்பனையாக மாறியது. பேருந்து வாங்க வேண்டிய மாநகரக் கழகங்களின் கருவூலமோ வெறுமையாகவே கிடக்கிறது.

மின்சாரப் பேருந்தும் ஒப்பந்த உழைப்பும்

இப்போது மின்சாரப் பேருந்தே எல்லாவற்றுக்கும் விடை என்று முன்வைக்கப்படுகிறது. நகருக்குள் புகை விடாத பேருந்து வரவேற்கத்தக்கதே. ஆனால் சி.என்.ஜி. புகட்டிய பாடத்தை மறந்துவிடலாகாது. பழைய பேருந்து ஒன்றுக்குப் புதிய பேருந்து ஒன்று என்று மாற்றினால் எரிபொருள்தான் மாறும், எண்ணிக்கை உயராது.

அது யாருடைய பேருந்து என்பது அடுத்த கேள்வி. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் இ-பஸ் சேவைத் திட்டம் 10,000 மின்சாரப் பேருந்துகளைத் தனியார் பங்கேற்பு முறையில் இயக்க வகை செய்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் பேருந்து தனியாருடையது. ஓட்டுநரும் அவர்களின் ஊழியர். பணிமனை நிலம் பொதுச் சொத்து; வழித்தடம் பொதுச் சொத்து. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உறுதி செய்யப்பட்ட தொகையை அரசு தருகிறது. வசூல் குறைந்தால் நட்டம் அரசுக்கு. தொகை மட்டும் நிறுவனத்துக்கு. இலாபம் பெருக அந்நிறுவனத்துக்கு உள்ள எளிய வழி ஓட்டுநரின் ஊதியத்தையும் ஓய்வையும் குறைப்பது. தில்லியில் 2024 நவம்பரில் பெண் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பணி நிரந்தரமும் நிலையான ஊதியமும் கோரிப் போராடியதன் பின்னணி, போக்குவரத்தில் பரவிவரும் இந்த ஒப்பந்த உழைப்பு முறையே. 2025இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர், ஓட்டுநரோ தனியார் நிறுவனத்தவர். தில்லியில் வெள்ளோட்டம் பார்க்கப்படும் கொள்கை தெற்கே வந்து சேர நெடுநாள் ஆவதில்லை.

மாற்று வழி கற்பனையில் இருப்பதன்று. சீனத்தின் ஷென்சென் நகரம் 16,000க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் 2017 இறுதிக்குள் மின்மயமாக்கியது. அதைச் சாதித்தது சந்தை தானாக அன்று. திட்டமிட்ட அரசு மானியமே. பெய்ஜிங்கில் 2013இல் கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராமாக இருந்த பி.எம்.2.5இன் ஆண்டுச் சராசரி 2021இல் 33 ஆகக் குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பங்கு நிலக்கரியைக் கட்டுப்படுத்தியதற்கு உரியது. எனினும் 2011 முதல் புதிய கார்களுக்கான எண்களைக் குலுக்கல் முறையில் மட்டுமே வழங்கியதும், சுரங்க ரயிலை விரிவாக்கியதும் அதில் இடம்பெற்றன. தில்லி ஆட்டோவுக்கு விதித்த வரம்பைப் பெய்ஜிங் காருக்கு விதித்தது. இந்தியா தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஆண்டு வரையறை 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. தில்லியின் காற்று அந்த 40ஐப்போல் இரு மடங்குக்கும் மேல் மாசுடன் நீடிக்கிறது.

இயக்கத்தின் முன் உள்ள பணி

சுற்றுச்சூழல் என்ற சொல்லைத் தில்லியின் தொழிலாளர்கள் ஐயத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணைகளின் பேரில் ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள் மூடப்பட்டபோது, வேலை இழந்து தெருவில் இறங்கியவர்கள் அவர்கள். தூய காற்றின் பெயரால் தங்கள் அடுப்பு அணைக்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. இதன் விளைவாக, மாசு எதிர்ப்பு என்பது நடுத்தர வர்க்கத்தின் கோரிக்கை, ஊதியமும் வேலையுமே தொழிற்சங்கத்தின் கோரிக்கை என்ற பிரிவினை இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் ஓரளவு படிந்தது. இந்தப் பிரிவினை ஆளும் வர்க்கத்துக்கே உதவுகிறது. வசதி படைத்தவர் காற்றுச் சுத்திகரிப்பான் பொருத்திய அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ள முடியும். தள்ளுவண்டிக்காரரின் நுரையீரலுக்குக் கதவில்லை. காற்றைத் தொழிலாளி வர்க்கம் தன் கோரிக்கையாக்கிக்கொள்ளாவிடில், கார் வைத்திருப்போரின் கோரிக்கையாக அது சுருங்கிவிடும். அதன் தீர்வுகளும் ஏழைகளை விரட்டும் தீர்வுகளாகவே இருக்கும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும்.

முதலாவது, 1998இல் கட்டளையிடப்பட்ட பேருந்து எண்ணிக்கை இன்றைய மக்கள்தொகைக்கேற்பத் திருத்தப்பட்டு, பொதுத்துறைக் கழகங்களின் உடைமையாகவே நிறைவேற்றப்பட வேண்டும். மின்சாரப் பேருந்துகளுக்கான ஒன்றிய அரசின் நிதி தனியார் ஒப்பந்ததாரருக்கன்றிக் கழகங்களுக்கு நேரடியாக வழங்கப்பட வேண்டும். ஓட்டுநரும் நடத்துநரும் பணிமனைத் தொழிலாளரும் நிரந்தர ஊழியராக வேண்டும்.

இரண்டாவது, காற்றின் பெயரால் திரட்டப்படும் பணம் காற்றுக்கே செலவாக வேண்டும். 2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நிதியில் 64 விழுக்காடு சாலைப் புழுதியை அடக்கவே செலவிடப்பட்டது என்றும், வாகன மாசுக்குச் செலவிடப்பட்டது 13 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் சுட்டிக்காட்டியது. தண்ணீர் தெளிக்கும் லாரிகளுக்குப் பணம் உண்டு, பேருந்துக்கு இல்லை என்பது கொள்கையாகாது. 2015 முதல் தில்லிக்குள் நுழையும் லாரிகளிடம் வசூலிக்கப்படும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகையும் பொதுப் போக்குவரத்துக்கே செல்ல வேண்டும்.

மூன்றாவது, முதன்மைச் சாலைகளில் பேருந்துத் தடமும் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் மீட்கப்பட வேண்டும். பொது நிலத்தில் இலவசமாகக் காரை நிறுத்தும் உரிமைக்கு முடிவு கட்ட வேண்டும். பெரிய கார்களின் மீதும் இரண்டாவது, மூன்றாவது கார்களின் மீதும் கூடுதல் வரி விதித்து, அத்தொகையால் பேருந்து, மெட்ரோ இரண்டுக்கும் பொதுவான மலிவுக் கட்டணம் கொண்டுவர வேண்டும்.

நான்காவது, பழைய வண்டிகளை வயதால் அன்றி நேர்மையான புகைப் பரிசோதனையால் தரம் பிரிக்க வேண்டும். வாழ்வாதாரத்துக்கான வண்டியை அகற்ற நேர்ந்தால், மாற்று வண்டிக்கான மானியமும் வட்டியில்லாக் கடனும் முதலில் வந்த பிறகே தடை வர வேண்டும். மாசுக் காலக் கட்டுப்பாடுகளால் வேலை இழக்கும் தொழிலாளர் அனைவருக்கும், பதிவு பெற்றவர் பெறாதவர் என்ற வேறுபாடின்றி, கூலி இழப்பீடு வழங்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. எரிவாயு மாற்றத்தை நான்கரை ஆண்டுகளில் செய்து முடித்த அதே நகரம்தான் தில்லி. அதே ஆணையின் மற்றொரு கட்டளை நிறைவேறாமல் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. போக்குவரத்துத் தொழிற்சங்கங்களும் ஆட்டோ ஓட்டுநர் சங்கங்களும் கட்டுமானத் தொழிலாளர் அமைப்புகளும் மாதர், மாணவர், வாலிபர் இயக்கங்களும் அந்தப் பத்தாயிரம் பேருந்துகளைப் பொதுக் கோரிக்கையாகக் கையிலெடுக்க வேண்டிய காலம் இது. அடுத்த புகைமூட்டம் வரும் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.